கத்திக்கு உச்சவரம்பு

இனி ஒரு கத்தியும் வாங்குவதில்லை என்று உலகநாதன் அன்று காலையில்தான் பெண்டாட்டி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தார். சாயங்காலம் கும்பகோணத்திலிருந்து திரும்பும்போது அவர் குடைக்குள் இரண்டு கத்திகள் இருந்தன. வானம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்ததோ என்னவோ, பாபநாசத்தில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கொட்டு கொட்டென்று கொட்டியது. குடையை விரிக்க முடியுமா? தன் ஊர் மேலவாய்க்கால்குடி வரைக்கும் அதைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு தொப்பலாக நனைந்து வந்தார்.

வாசலிலேயே நின்றாள் சௌந்தரநாயகி.

"குடை நனையாம கொண்டாந்துட்டீங்க. நல்லது. கையைக் காட்டுங்க."

"எந்தக் கை?"

"ரெண்டு கையும்."

காட்டினார். இடது முன்கையில் முடி ஒன்றுகூட இல்லை. பச்சைக் குழந்தையின் கை மாதிரி பளபளவென்றிருந்தது.

"என் தலைவலிக்கு இப்பத்தான் காரணம் தெரியுது" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

விஷயம் இதுதான். கத்திப் பித்து உள்ளவர்கள் புதுக் கத்தி வாங்கினால் முதலில் கூர் பார்ப்பார்கள். முன்கையில் வைத்து மெல்ல இழுத்தால் முடி சத்தமில்லாமல் வழிந்து வர வேண்டும். உலகநாதனுக்குக் கடையிலேயே பார்த்தாக வேண்டும், வீடு வரைக்கும் பொறுக்காது. ஆகவே அவர் எந்த ஊருக்குப் போனார், என்ன செய்தார் என்று சௌந்தரநாயகி கேட்பதே இல்லை. கையைப் படித்துவிடுவாள்.

இத்தனைக்கும் ஒரு வருஷம் முன்புவரை அந்த மனிதர் கத்தியைத் தொட்டவரில்லை. பதினைந்து ஏக்கர் நஞ்சைக்குச் சொந்தக்காரர். ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர். மாம்பழத்தைக்கூட நறுக்கித் தின்னத் தெரியாமல் முழங்கை வழியச் சப்புகிறவர். ராஜகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போனதில்தான் வந்தது வினை. கை கழுவக் கொல்லைப்பக்கம் போனவர், அங்கே சமையல்காரர் ஹபீப் முகம்மது வெங்காயம் நறுக்குவதைப் பார்த்தார். மலை மாதிரி வெங்காயம். மனிதர் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. சிரித்துக்கொண்டு நறுக்குகிறார்.

"பாய், உங்களுக்குக் கண்ணு எரியலையா?"

"வெட்டுப்பட்டது வெங்காயத்துக்குத் தெரிஞ்சாத்தானே மிராசுதாரே அது நம்மளை அழ வைக்கும்?" என்றார் ஹபீப் முகம்மது. "இது என் மச்சான் சிங்கப்பூர்லேருந்து கொண்டாந்த கத்தி. கையில புடிச்சுப் பாருங்க."

பிடித்தார். ஒரு பூசணிக்காயின் மேல் சும்மா வைத்தார். வைத்ததுதான் தெரியும். பூசணிக்காய் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இரண்டாக விழுந்தது. உலகநாதனும் அத்தோடு விழுந்தார். பந்தியில் பிரியாணி ஆறிக்கொண்டிருக்க, அவர் பாயின் கையைப் பிடித்துக் கெஞ்சி, அந்தக் கத்தியை வாங்காமல் நகரவில்லை.

முதல் கத்தி இப்படி வந்தது. அது தனியாக இருக்கிறதே என்று இரண்டாவது வந்தது. பிறகு எண்ணிக்கை அவருக்கே தெரியாது. நாகப்பட்டினத்தில் வஞ்சிரம் வெட்டுகிற கத்தி, வெற்றிலைக் கொடிக்காலில் பயன்படுகிற வளைந்த கத்தி, எருமைக் கொம்புப் பிடி போட்டது, பலாப்பழத்துக்கென்றே பிறந்தது. எல்லாம் சௌந்தரநாயகியின் பித்தளைப் பாத்திர அலமாரியில் சிவப்புத் துணி விரித்துப் படுத்திருந்தன. அண்டாவும் குண்டானும் தரையில் உருண்டன. தினமும் தேங்காயெண்ணெய் கத்திக்குப் பூசிய மிச்சம்தான் அவள் தலைக்கு.

அதில் ஒன்றையாவது அவள் தொடலாமா? கூடாது.

"கத்தரிக்காய்க்கா? இந்தக் கத்தியையா? உனக்கு மனசாட்சி இருக்கா சௌந்தரம்?"

"அரிவாள்மனை மழுங்கிப் போச்சுங்க. அதுல காயை நறுக்க முடியல, கெஞ்சித்தான் பிளக்க வைக்கணும்."

"கெஞ்சு. நீ கெஞ்சினா யார் மாட்டேங்குறாங்க?"

"உழுதவனுக்கே நிலம்னு வெளியில கொடி புடிக்குறாங்க. நறுக்குறவளுக்கே கத்தின்னு நானும் ஒரு கொடி புடிக்கவா?"

அந்த வருஷங்களில் தஞ்சாவூர்ப் பக்கம் கொடி இல்லாத வரப்பு கிடையாது. நிலத்துக்கு உச்சவரம்பு வந்திருந்தது. பெரிய மிராசுதாரெல்லாம் மிச்ச நிலத்தை மாமன் பேரில், மாட்டுக்காரன் பேரில், செத்துப்போன சித்தப்பா பேரில் எழுதி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நிலத்துக்குத்தானே உச்சவரம்பு? கத்திக்கு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்று அந்த மழை நாளின் காலையில் உலகநாதன் சவால் விட்டார்.

"இந்த வீட்டுச் சட்டத்துல இருக்கு. இன்னையோட சரி. இனி வந்தா கொல்லைக் கிணத்துல போடுவேன்."

அதற்குத்தான் காலையில் சத்தியம். அதைத்தான் குடைக்குள் வைத்து முறித்தார். ஆனால் அவர் மட்டும் லேசுப்பட்டவரா? ஊர் மிராசுதார்கள் செய்ததை அவரும் செய்தார். தன் குத்தகைக்காரர் அய்யாக்கண்ணு பேரில் கத்திகளைப் பினாமி வைத்தார்.

"இது அய்யாக்கண்ணுவோட கத்தி சௌந்தரம். சாணை பிடிக்கக் குடுத்திருக்கான்."

"அவரு சாணை பிடிக்கிற ஆளை விட்டுட்டு உங்ககிட்டயா குடுப்பாரு?"

"என் கைராசி."

அதன்பிறகு கூர் பார்ப்பதும் அய்யாக்கண்ணுவின் முன்கையில்தான். அவர் செங்கொடிச் சங்கத்தின் செயலாளர். அறுப்புக்கூலிப் பேச்சில் இருவரும் மேஜையைக் குத்திச் சண்டை போடுவார்கள். முடிந்ததும் அவர் சட்டைக்கையைச் சுருட்டிக் கையை நீட்டுவார், இவர் வழிப்பார். மொட்டைக் கையைப் பார்த்துச் சங்கத்துத் தோழர்கள், "இதுவரைக்கும் வயித்துலதான் அடிச்சாங்க, இப்ப தோலையும் சீவுறாங்களா?" என்று கொதித்துப் போனார்கள்.

தை பிறந்தது. சம்பா தலை சாய்ந்து நின்றது. கூலி முடிவாகவில்லை. ஊர் ஊராகப் போலீஸ் ஜீப் ஓடியது. ஒரு நாள் காலையில் உலகநாதன் கத்திகளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது சௌந்தரநாயகி வந்து நின்றாள்.

"புதுசா வந்திருக்கிற இன்ஸ்பெக்டர் வீடு வீடா ஆயுதம் தேடுறாராம். ஒரு கத்தி இருந்தாக்கூட விலங்காம்."

உலகநாதன் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணம் வேட்டியில் கவிழ்ந்தது. அதே நேரம் அய்யாக்கண்ணு மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"அய்யா, ஜீப்பு வாய்க்கால் பாலம் ஏறிடுச்சு! உங்க கத்தியெல்லாம் என் பேர்லதானே கிடக்கு? குத்தகைக்கு இன்னும் ரெண்டு மா நிலம் கேட்டா, நீங்க எனக்கு ஜெயிலைக் குத்தகைக்கு விடுறீங்களே!"

"சௌந்தரம், ஏதாவது செய்!"

"நான் என்னத்தைச் செய்ய? முனீஸ்வரனுக்கு வேணா வேண்டிக்கலாம்."

"வேண்டிக்க, வேண்டிக்க!"

"என்னன்னு?"

"என்ன வேணும்னாலும்!"

"அலமாரியில இருக்கிற அத்தனையும் உன் வாசல்ல கொண்டாந்து நட்டுடுறோம்னு?"

"சரி!"

"நீங்களே வாயைத் தொறந்து சொல்லுங்க. சாமிக்கு ஆம்பளை வாக்கு வேணும்."

முனீஸ்வரன் வெறும் கல் என்று போன மாசம்தான் கடைத்தெரு மேடையில் உலகநாதன் முழங்கியிருந்தார். இப்போது அந்தக் கல்லிடம் எட்டுத் திக்கும் கேட்க வாக்குக் கொடுத்தார். அய்யாக்கண்ணு சாட்சி.

ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் நாகநாதன் உள்ளே வந்தார். ஆறடி ஆள், ஆனால் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. கண் முழுக்க உலகநாதனின் கைகளிலேயே இருந்தது.

"ஊரு அமைதியா இருக்கா?"

உலகநாதன் வேட்டியின் எண்ணெய்க் கறையை மறைத்துக்கொண்டார். அறுப்பைப் பற்றி ஏதாவது நல்லதாகச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று பார்த்தார்.

"எல்லாம் பேசித் தீர்ந்தா, நாளைக்கே அறுத்துடுவேன் சார்."

சௌந்தரநாயகி கொடுத்த மோர் இன்ஸ்பெக்டருக்குப் புரையேறியது. டம்ளரை வைத்தார். தொப்பியை எடுத்தார். அடுத்த நிமிஷம் ஜீப் கிளப்பிய புழுதிதான் வாசலில் இருந்தது.

"பார்த்தீங்களா, சாமி காப்பாத்திட்டாரு" என்றாள் சௌந்தரநாயகி. குரலில் பக்தி வழிந்தது.

வெள்ளிக்கிழமை உலகநாதனின் நேர்த்திக்கடன். வாய்க்கால் கரைத் தோப்பில், முனீஸ்வரன் வாசலில் சிவப்புத் துணியை அவிழ்த்து, பெற்ற பிள்ளைகளை மழலைப் பள்ளியில் விடுகிறவர் மாதிரி ஒவ்வொன்றாக நட்டார். மறுநாள் தனியாகப் போனார். யாரும் இல்லை. சிங்கப்பூர்க் கத்தியை மட்டும் உருவிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினார். கல்தான். ஆனால் கல் பார்த்துக்கொண்டிருந்தது. கையை இழுத்துக்கொண்டார். முனிக்குப் படைத்ததை எடுத்த எவனும் அந்தத் தாலுகாவில் முழுசாக நடமாடியதாகச் சரித்திரம் இல்லை. வேறு வழியில்லாமல் தினமும் சாயங்காலம் தேங்காயெண்ணெயோடு போய், துரு பிடிக்காமல் துடைத்துவிட்டு வந்தார். கிளைச் செயலாளருக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டது என்று கட்சியில் விசாரணை வைக்கிற அளவுக்குப் பேச்சானது.

ஒரு சாயங்காலம் அப்படித் துடைத்துக்கொண்டிருந்தபோது தோப்பில் ஜீப் சத்தம் கேட்டது. உலகநாதன் சிலைக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். சிலை சின்னது.

இன்ஸ்பெக்டர் நாகநாதன் இறங்கினார். ஒரு கட்டுக் கைத்தடிகளை நெஞ்சோடு அணைத்திருந்தார். வெள்ளிப் பூண் போட்டது, சந்தனத்தில் கடைந்தது, யாளி முகம் வைத்தது. ஒவ்வொன்றாக முத்தமிடாத குறையாக எடுத்துக் கத்திகளுக்குப் பக்கத்தில் நட்டார். கண் கலங்கியிருந்தது.

"சார், என்ன இது?"

"நேர்த்திக்கடன் மிராசுதாரே. பதினெட்டு வருஷமா சேர்த்தது. நான் உங்க ஊருக்கு வர்ற அன்னைக்குக் காலையில என் சம்சாரம் கையைப் புடிச்சுக்கிட்டா. 'அந்த மிராசுதார் அலமாரி நிறையக் கத்தி வச்சிருக்காரு, கூர் பார்க்க ஆள் கையையே சீவுறாரு, நீங்க முழுசாத் திரும்பி வந்தா உங்க தடியெல்லாம் முனீஸ்வரனுக்குன்னு சொல்லிட்டுப் போங்க'ன்னா. சொன்னேன். திரும்பி வந்துட்டேன்."

"உங்க சம்சாரத்துக்கு என்னைப் பத்தி எப்படித் தெரியும்?"

"மங்களாம்பிகையும் உங்க வீட்டம்மாவும் பாபநாசத்துல ஒரே பள்ளிக்கூடமாமே? வீடு முழுக்க என் தடி கிடக்குதுன்னு அவ புலம்ப, அவங்கதான் இந்தச் சாமியைக் காட்டிக் குடுத்தாங்களாம். இப்பக்கூட ரெண்டு பேரும் உங்க வீட்லதான் இருக்காங்க. சிரிப்புச் சத்தம் வாய்க்கால் வரைக்கும் கேட்டுச்சு."

"அப்ப ஆயுதம் தேடினீங்களே, அது?"

"நான் எங்கேங்க தேடினேன்? அறுப்பு எப்பன்னு கேட்டுட்டுப் போக வந்தவன் நான்."

இரண்டு பேரும் கத்திகளையும் தடிகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்புறம் ஒரே நேரத்தில் நிமிர்ந்து முனீஸ்வரனைப் பார்த்தார்கள்.

அவர் மீசையை முறுக்கியபடி நிம்மதியாக நின்றார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.