சனி ஞாயிறு பி.காம்

ஈப்போ நகரத்தில் வெங்காயத்துக்குப் பயந்து பட்டப்படிப்பில் சேர்ந்தவர் தனேஸ்வரன் ஒருவர்தான்.

கையுறைத் தொழிற்சாலையில் அவர் ஸ்டோர் கிராணி, அதாவது சரக்கறைக் குமாஸ்தா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வேலை முடிந்தால், மனைவி கலாதேவியின் கல்யாணச் சமையல் தொழில் தொடங்கிவிடும். சனியும் ஞாயிறும் அண்டாவோடும் வெங்காய மூட்டையோடும் கழியும். பி.காம் முடித்தால் கணக்குப் பிரிவுக்கு மாற்றித் தருவதாகத் தொழிற்சாலையில் சொன்னார்கள். வகுப்பு வார இறுதியில்தான் என்று தெரிந்ததும் அவருக்குக் கல்வியின் அருமை சட்டென்று விளங்கிவிட்டது.

"தேவி, பி.காம் படிக்கலாம்னு இருக்கேன். கணக்குப் பிரிவு, பேங்க், ஆடிட் ஆபீஸ், எங்க வேணும்னாலும் போலாம்."

"படிங்க. நல்லதுதானே."

"வகுப்பு சனி ஞாயிறுலா."

"போயிட்டு வாங்க. சமையல நான் பாத்துக்கிறேன்."

கரும்பு தின்னக் கூலியா கேட்பார்? மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, கலாதேவி தாங்கினாள். பரீட்சை வந்தால் கோப்பி கலக்கிக் கொடுத்து, தேங்காய் துருவிக்கொண்டே பாடம் ஒப்பிக்கச் சொல்வாள்.

"தேய்மானம்னா என்னங்க?"

"மெஷின் ஓட ஓட மதிப்பு குறையும். அதான்."

"ஓடாத மெஷினுக்குத் தேய்மானம் இல்லைன்னு சொல்லுங்க. அதான் நீங்க புதுசாவே இருக்கீங்க."

கடைசி வருஷத்தில் வந்தது வினை. வகுப்புக்குப் பதிலாக ஏதாவது ஒரு சிறுதொழிலில் பயிற்சி எடுத்து, அந்த முதலாளி கையால் மார்க் வாங்கினால்தான் பட்டம். வார நாளில் லீவு கிடைக்காது. தெருமுனை நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர் ஜைனுலாப்தீனிடம் போய் நின்றார்.

"சனி ஞாயிறு மட்டும் பயிற்சி வேணும் பாய்."

"வீட்டுலயே முதலாளிய வச்சிக்கிட்டு இங்க ஏன் தம்பி வாரீங்க?"

வேறு வழியில்லை, மனைவியிடமே பயிற்சிக்குச் சேர்ந்தார். கலாதேவியின் அப்பா ரப்பர் தோட்டத்தில் தண்டலாக இருந்து ஆட்களை வேலை வாங்கியவர். மகளுக்கு அந்த ரத்தம் எங்கே போகும்? சனிக்கிழமை விடியுமுன்னே சமையல் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டுப் பெரட்டு எடுத்தாள்.

"பயிற்சி மாணவர்?"

"இருக்கேன்."

"எல்லா இலாகாவும் பழகணும். மொதல்ல கொள்முதல்." மூட்டையை வேனிலிருந்து இறக்கச் சொன்னாள். "அடுத்து உற்பத்தி." கத்தியை நீட்டினாள்.

"நான் கணக்கு எழுத வந்தவன், தேவி."

"எழுதலாம். எதுக்குக் கணக்குன்னு தெரிஞ்சிக்கிட்டு எழுதுங்க."

"இப்படி ஆவும்னு ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"நீங்க சேர்றதுக்கு முந்தின தீபாவளிக்கு அந்தக் காலேஜ் விருந்து நாந்தானே சமைச்சேன். கடைசி வருஷப் பயிற்சி வரைக்கும் லெக்சரர்கிட்ட எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் படிங்கன்னேன்."

வேலை வாங்கியதில் அவள் குறை வைக்கவில்லை. மார்க் போட்டதிலும் குறை வைக்கவில்லை. பட்டம் வந்தது, கணக்குப் பிரிவும் கிடைத்தது.

பட்டமளிப்பு அங்கியோடு வீட்டுக்கு வந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் இவள் ஒற்றை ஆளாக வார இறுதிகளைச் சுமந்திருக்கிறாள். இவள் இல்லாவிட்டால் தாம் இன்னும் ஸ்டோரிலேயே கிடந்திருப்போம் என்று நினைக்க நினைக்க நெஞ்சில் நன்றி பொங்கியது. அங்கியைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினார்.

"இதுல பாதி ஒன்னோடது தேவி. என்ன வேணும், கேளு. மாட்டேன்னு சொல்லமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

கலாதேவி அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள்.

"பாதி போதாதுங்க, எனக்கு முழுசா வேணும். நானும் பி.காம் சேர்ந்துட்டேன். வகுப்பு சனி ஞாயிறு. பயிற்சிதான் முடிச்சிட்டீங்களே, சமையல நீங்க பாத்துக்குங்க."