குக்கரைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டாம்

அன்புள்ள தாராபுரம் குமாரசாமி மாமாவுக்கு,

மேட்டுப்பாளையத்திலிருந்து உங்கள் தங்கை மகள் இனியா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நான், மாடு எல்லோரும் சுகம். குக்கர் மட்டும் சுகமில்லை. அது சாமி அலமாரியில் மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அங்கு உங்கள் சுகத்தையும் முத்தாத்தாள் அத்தையின் முழங்கால் சுகத்தையும் உங்கள் வீட்டுக் குக்கரின் சுகத்தையும் அறிய ஆவல்.

போனில் கேட்டால் நான் "சரிங்க" என்பதைத் தவிர வேறொன்றும் பேசமாட்டேன் என்பதால், கனவில் ஆண்டவர் எந்தக் கோலத்தில் வந்தார், என்ன சொன்னார் என்று என் கைப்பட எழுதி அனுப்பச் சொன்னீர்கள். மலைக்கோயிலில் கேட்டால் காட்டுவதற்கு வேண்டும் என்றீர்கள். எழுதுகிறேன் மாமா. ஆண்டவர் வரவில்லை.

உங்கள் ஆசை எனக்குத் தெரியாததல்ல. பக்தர் கனவில் ஆண்டவர் வந்து ஒரு பொருளைச் சொன்னால், சன்னதியில் பூப்போட்டுக் கேட்டு, உத்தரவு கிடைத்ததும் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அதை வைத்து நாட்டுக்கு என்ன நடக்கப்போகிறது என்று ஜனங்கள் பேசிக்கொள்வார்கள். உங்கள் பொருள் ஒன்றாவது அந்தப் பெட்டிக்குள் போகவேண்டும் என்று நீங்களும் மலையேறிக்கொண்டேதான் இருக்கிறீர்கள். டார்ச்லைட்டுக்கும் பூ கிடைக்கவில்லை, டிராக்டர் டயருக்கும் கிடைக்கவில்லை. அந்த ஏக்கத்தில்தான் என் குக்கரைப் பிடித்துக்கொண்டீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நானே சொல்கிறேன். நீங்கள் ஆட்டுக்கறியோடு வந்தீர்கள். சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, "அம்மணி, உன்ற கதிர்வேல் மச்சான் சம்சாரம் ஹாரிகா மாசமா இருக்குது, அவிங்கம்மா வேலைக்குப் போறவிங்க, லீவு கிடைக்காது. நீ ஒரு பத்து நாளைக்கு வந்து அத்தைக்கு ஒத்தாசையா இருந்துட்டு வா கண்ணு" என்றீர்கள். நான் கரண்டியைப் பிடித்தபடி "சரிங்க மாமா" என்றேன். என் வாய் அப்படி. அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தபோதும் பத்து நாளைக்குத்தான் கூப்பிட்டீர்கள், அப்போதும் என் வாய் சரிங்க என்றுதான் சொன்னது. பத்தாவது ரிசல்ட்டை உங்கள் சமையலறையில் நின்றுதான் பார்த்தேன். பள்ளிக்கூடம் திறந்தது, தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, அத்தையின் முழங்கால்கூட ஆறிவிட்டது, நான் மட்டும் உங்கள் வீட்டுக் குக்கருக்கு விசில் எண்ணிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது என்னோடு படித்தவர்கள் எல்லோரும் ஒரு வகுப்பு மேலே போயிருந்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போக எனக்கு வெட்கமாகிவிட்டது. இப்போதுதான் கோயம்புத்தூரில் ஒரு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பு தொடங்குவதும் ஹாரிகா அக்காவுக்கு டாக்டர் நாள் சொல்லியிருப்பதும் ஒரே மாதம்.

அன்று வெற்றிலை போட்டு முடித்ததும், அம்மாவைத் தவிர எல்லோரும் ஒரே காற்றாடிக்குக் கீழே படுத்தோம். நீங்கள் கட்டிலில், அப்பா சுவரோரம், நான் பீரோவுக்குப் பக்கத்தில் பாயில். அப்போது என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "பத்து நாள்னு சொல்லி ஒரு வருசத்தைத் தின்னுபோட்டீங்க. இனி நான் வரமாட்டேனுங்க. அந்தக் குக்கரைத் தூக்கி ஆத்துல போடுங்க."

அப்பா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தார். நீங்கள் எழுந்து உட்கார்ந்து கைகூப்பினீர்கள். உப்பில்லாத குழம்பைக்கூட வாய் திறக்காமல் சாப்பிடுகிற பிள்ளைக்கு இத்தனை கோபம் எங்கிருந்து வரும், கனவில் வந்து பேசியது ஆண்டவர்தான், பெட்டிக்கு அவர் கேட்பது குக்கரைத்தான் என்றீர்கள். அம்மா சும்மா இருக்கவில்லை. "ஏனுங்கண்ணா, ஆண்டவன் உங்களுக்கு 'ங்க' போட்டா பேசுவான்?" என்று கேட்டார். அதற்கு நீங்கள், "தாய்மாமன்னா சாமிக்கும் ஒரு மரியாதை இருக்குமில்ல" என்றீர்கள்.

ஆண்டவர் கேட்டது எந்தக் குக்கரை என்று தெரியாததால் இரண்டு வீட்டுக் குக்கரையும் அடுப்பில் ஏற்றக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனீர்கள். அன்றிலிருந்து இங்கே பருப்பு பருப்பாகவே இருக்கிறது. அப்பா அதை மென்றுகொண்டே என் முகத்தைப் பார்க்கிறார். பக்கத்து வீட்டுப் பாக்கு வியாபாரி பாலகோபால் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, கேஸ் விலை ஏறப்போகிறது என்றார். மறுநாள் குடும்பத்தோடு வந்து, இறங்கினாலும் இறங்கும் என்றார். அவருடைய மனைவி சூடம் ஏற்றினார். அவர்களுடைய குழந்தை விசிலைக் கழற்றி ஊதிக்கொண்டே போய்விட்டது, இன்னும் திருப்பித் தரவில்லை. நேற்று அத்தை போன் செய்து, "உன்ற மாமன் குக்கரைத் துண்டுல சுத்தி பீரோவுல வெச்சுப் பூட்டிப்போட்டாரு. ஆண்டவன் கேட்டாக் குடுக்கோணும், நான் வேண்டாங்கல. ஆனா நாளைக்கு எனக்குப் பருப்பு வேகோணுமே கண்ணு?" என்றார். நான் சரிங்க அத்தை என்றேன்.

மாமா, கனவைப் பற்றி நீங்கள் எத்தனையோ பேரிடம் கேட்டிருப்பீர்கள். என்னிடமும் கொஞ்சம் கேளுங்கள். ஒருநாள் கனவில் ஒரு மயில் என் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு பாக்குத் தோப்புக்குள் போய்விட்டது. ஒரு ரப்பர் செருப்பு. அதற்கு நான் அழுத அழுகையில் தலையணை நனைந்திருந்தது. ஆனால் பள்ளிக்கூடம் போச்சு என்று தெரிந்த அன்று, நான் அத்தையிடம் ரசத்துக்குப் புளி போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன், கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரவில்லை. இன்னொரு நாள் கனவில் ஊட்டி பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அவ்வளவுதான் கனவே. சிரித்துச் சிரித்து, எழுந்தபோது கன்னம் வலித்தது. உங்கள் வீட்டுக் குக்கரும் அடிக்கடி வரும். விசில் நிற்கவே நிற்காது, எண்ணி முடியாது. கடைசியில் நான் அதைக் கொண்டுபோய் அமராவதி ஆற்றில் எறிவேன். அது விசிலடித்துக்கொண்டே முங்கும். அப்போது வருகிற சந்தோஷம் ஐ.டி.ஐ.யில் இடம் கிடைத்தபோதுகூட வரவில்லை.

ஏன் இப்படி என்று யோசித்துப் பார்த்தேன். விழித்திருக்கும்போது எனக்குக் கோபம் வந்தால், பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார்க்கிறேன். மாமா இருக்கிறாரா, அம்மா முகம் எப்படியிருக்கிறது, அடுப்பில் பால் இருக்கிறதா. பார்த்து முடிப்பதற்குள் கோபம் ஆறி ஏடு கட்டிவிடுகிறது. கனவில் அந்த வேலை இல்லை. வந்த கோபம் வந்தபடியே இருக்கிறது. இரண்டில் எது நிஜமான கோபம் என்று கேட்டால், கனவில் வருவதுதான் நிஜம் என்பேன். விழித்திருக்கும்போது நான் சொல்கிற "சரிங்க" தான் தூக்கத்தில் உளறுகிற பேச்சு.

எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. அன்று நான் பேசியதில் குக்கரை மட்டும் ஆண்டவர் வாக்காக எடுத்துக்கொண்டீர்கள். வரமாட்டேன் என்றதை மட்டும் பிள்ளை தூக்கத்தில் உளறியது என்று விட்டுவிட்டீர்கள். மலையேறக் குக்கர் தயார், தாராபுரம் வர என் துணிப்பையும் தயாராக இருக்க வேண்டும் என்கிறீர்கள். ஆண்டவர் பேசினார் என்றால் எல்லாவற்றையும்தானே பேசியிருப்பார்? ஆனால் அப்படிச் சொல்லித் தப்பிக்க எனக்கு இஷ்டமில்லை. அது என் கோபம் மாமா. அதை ஆண்டவர் பேரில் எழுதிவிடாதீர்கள். எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அதையும் மஞ்சள் பூசிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் நான் எதை வைத்துக்கொண்டு ஐ.டி.ஐ.க்குப் போவேன்?

நான் வரமாட்டேன். ஹாரிகா அக்காமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கதிர்வேல் மச்சானுக்கு வீட்டிலிருந்தே வேலை, காதும் நன்றாகக் கேட்கிறது, அவரும் விசில் எண்ணலாம். குழந்தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு, அன்றைக்கே பஸ் ஏறிவிடுவேன். பீரோவைத் திறந்து அத்தையிடம் குக்கரைக் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டுக் குக்கரை நான் இறக்கித் தேய்த்துக் கழுவிவிடுகிறேன். விசில் மட்டும் பாலகோபால் அண்ணன் வீட்டிலிருந்து வரவேண்டும்.

உங்களுக்கு என் வணக்கமும் கோபமும் ஒன்றாகவே வருகின்றன, இரண்டையும் பிரிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஆசீர்வாதம் எனக்கு வேண்டும். இப்போது கொடுக்க மனமில்லை என்றால் அத்தையிடமாவது கொடுத்து வையுங்கள், குழந்தையைப் பார்க்க வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்,
இனியா

பின்குறிப்பு: மேலே எழுதியதை அடிக்க மனம் வரவில்லை, அதனால் கீழே எழுதுகிறேன். அன்று நான் தூங்கவில்லைங்க மாமா. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கனவில் வருகிற அளவு கோபம் விழித்திருக்கும்போதும் எனக்கு வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்கள் குறட்டை நிற்கும்வரை காத்திருந்துதான் பேசினேன்.