இடைக்கோடு இல்லாத கட்டுரை

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. விடுதிப் பள்ளியின் சேர்க்கை அலுவலகம் கூடவே ஒரு குறிப்பும் அனுப்பியிருந்தது. இடைக்கோடுகள் மிக அதிகம், மாணவி எழுதியதா, கணினி எழுதிக் கொடுத்ததா என்று ஐயமாக இருக்கிறது, திருத்தி அனுப்பவும்.

எழுதியது மகள்தான். அவள் பேசுவதே அப்படி. ஒன்றை ஆரம்பித்து, பாதியில் விட்டு, வேறெங்கோ போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பி வருவாள். எழுத்திலும் நின்ற இடத்திலெல்லாம் ஒரு கோடு.

அம்மா அசரவில்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அங்கே அவளுக்குக் கழுகு என்று பெயர். ஒரு புள்ளி இடம் மாறி உட்கார்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

"கோடுதானே? சோறு ஆறுறதுக்குள்ள முடிச்சிடறேன்" என்று சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

மொட்டை மாடியில் பெரிய தொலைநோக்கி வைத்திருக்கிற பள்ளி அது. மகளுக்கு அந்தத் தொலைநோக்கி வேண்டும். அம்மாவுக்கு மகள் கேட்டது வேண்டும். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அப்பா, விடுதியில் பிள்ளைகளை மாதம் ஒரு முறையாவது வீட்டுக்கு அனுப்புவார்களா என்று மட்டும் கேட்டார். பெரிய லீவுக்குத்தான் என்றதும் சரி என்று மாத்திரை அட்டைகளை அடுக்கப் போய்விட்டார்.

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. காலையில் அம்மா வேலைக்குப் போகிற வழியில், தெருமுனை டைப்பிங் கடையில் தாளைக் கொடுத்து, அடித்து அப்படியே பள்ளிக்கு அனுப்பிவிடச் சொன்னாள்.

அந்த வாரமே அது திரும்பியது. கோடுகள் முன்பைவிட அதிகம் என்றது பள்ளி.

கழுகு நேரே கடைக்குப் போய் நகலை வாங்கிப் பார்த்தது. எந்தப் பிள்ளையும் போடாத இடத்திலெல்லாம் கோடு. 'நான்' என்பதற்கும் 'வானத்தை' என்பதற்கும் நடுவில்கூட ஒன்று படுத்திருந்தது.

கடைக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டைத் துடைத்தார். "சில நேரம் கம்ப்யூட்டரே போட்டுக்கும் அக்கா."

அம்மா நம்பினாள். அச்சகத்திலும் கம்ப்யூட்டர் எத்தனையோ கூத்தடித்ததை அவள் பார்த்திருக்கிறாள். கோடு நுழைய இடமே இருக்கக் கூடாது என்று இந்த முறை சந்து பொந்தெல்லாம் காற்புள்ளி வைத்து அடைத்தாள். கட்டுரை முழுவதும் ஒரே வாக்கியமாகிவிட்டது. சத்தம் போட்டுப் படித்துக் காட்டிய மகள் நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள்.

அதுவும் திரும்பியது. காற்புள்ளிக்குப் பக்கத்திலேயே கோடும் உட்கார்ந்திருந்தது.

அம்மா எல்லா வாக்கியத்தையும் ஒடித்தாள். நான் மாணவி. எனக்கு வானம் பிடிக்கும். வானம் பெரியது. இப்படியே இரண்டு பக்கம். போதாதென்று கடையில் நின்று, கீபோர்டிலிருந்து கோட்டுப் பொத்தானையே பிடுங்கி எடுக்கவைத்து, அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களின் வீட்டு எண்களெல்லாம் கோடில்லாமல் ஒட்டிக்கொண்டு அச்சாகி, ஊரில் இல்லாத வீடுகளாக மாறின.

கட்டுரையில் மட்டும் கோடு குறையவில்லை.

பள்ளியின் பதில் இந்த முறை கடுமையாக இருந்தது. இது எந்தக் குழந்தையும் எழுதக்கூடியது அல்ல என்றும், இதுவே கடைசி வாய்ப்பு என்றும் எழுதியிருந்தார்கள்.

மகள் அதைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனாள். அப்பா தட்டை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனார். அவள் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"நான்தான் எழுதினேன்னு நீங்களாவது நம்பறீங்களாப்பா?"

அப்பா தட்டை மேசையில் வைத்துவிட்டு, அவள் தலைமாட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மகளே புதிதாக எழுதினாள். நிற்க வேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி வைத்து நின்றாள். அம்மா படித்துப் பார்த்தாள். சிவப்புப் பேனாவுக்கு வேலையே இல்லை; இருந்தாலும் பழக்கத்துக்கு ஒரு இடத்தில் வைத்து எடுத்தாள். அனுப்பும்வரை கடையில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்று அச்சகத்தில் அவசர வேலை.

"நான் போறேன்" என்றார் அப்பா.

கீபோர்டை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, கடைக்காரர் பேச்சுக் கொடுத்தால் மயங்கிவிடக் கூடாது என்று அம்மா பாடம் நடத்தினாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பிடுங்கிய பொத்தானையும் வாங்கிக்கொண்டு போனார்.

இடம் கிடைத்துவிட்டது. கட்டுரையைத் தனியாகப் பாராட்டியும் எழுதியிருந்தார்கள். மகள் அந்த வரியை அம்மாவிடம் ஒரு தடவையும் அப்பாவிடம் இரண்டு தடவையும் படித்துக் காட்டினாள். அச்சகத்தில் அம்மா அன்று முழுக்க ஒரு விரல் உயரம் கூடித்தான் நடந்தாள்.

சாயங்காலம் சேர்க்கைக் கடிதத்தை அச்செடுக்க டைப்பிங் கடைக்குப் போனாள். கம்ப்யூட்டராக இருந்தாலும் சரி, ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து முறைத்தால்தான் ஒழுங்காக வேலை செய்கிறது என்றும், தன் வீட்டுக்காரரைக் காவலுக்கு அனுப்பியது எவ்வளவு நல்ல யோசனை என்றும் கடைக்காரருக்கு எடுத்துச் சொன்னாள்.

கடைக்காரர் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கம்ப்யூட்டர் மேல தப்பு இல்லக்கா, ஒவ்வொரு தடவையும் நீங்க அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் வந்து கோடு போடச் சொன்னதே உங்க வீட்டு சார்தான், பொத்தான் இல்லாதப்பகூடப் பழைய நகல்லேர்ந்து எடுத்து ஒட்டச் சொன்னார், காவலுக்கு வந்த அன்னிக்கும் எத்தனை போடணும்னு கேட்டேன், ஒண்ணும் வேண்டாம்ப்பா, பொண்ணு போய்ட்டு வரட்டும்னுட்டார்."