கால் சுற்று தள்ளி நின்ற கிராங்க்

வால்யெவோ,
செவ்வாய்க்கிழமை காலை

என் மகள் மிலேனாவின் ஞானத் தகப்பனாகிய பெருமதிப்புக்குரிய ராடிஷா அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். தங்கள் முழங்கால் வலியும் தங்கள் பன்றிகளும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். இருபத்தாறு வருஷமாக 'டேய்' என்று கூப்பிட்ட வாய்க்குத் 'தாங்கள்' கசக்கத்தான் செய்கிறது. ஆனால் விஷயம் அப்படி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை என் பழைய சிவப்புக் காரில்தான் மிலேனா கல்யாணத்துக்குத் தேவாலயம் போவதாக இருந்தது. வால்வுகளை ஏற்றி இறக்கும் கேம் ஷாஃப்ட் தேய்ந்துபோனதால் அதை மாற்றித் தருகிறேன் என்று சனிக்கிழமை தாங்களாகவே வந்தீர்கள். பெல்ட்டைக் கழற்றுமுன் பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்கை, அதன் சக்கரத்தைப் பிடித்து, பூஜ்யக் குறியிலிருந்து கால் சுற்று பின்னுக்குத் திருப்பி, "பாத்துக்கோ வுகாஷின், நாலு பிஸ்டனும் இப்ப சிலிண்டர்ல பாதிக் கிணத்துல எறங்கி நிக்குது. வால்வு எவ்வளவு எறங்கினாலும் அதுங்க தலையில முட்டாது. புது ஷாஃப்டை மாட்டி முடிக்கிற வரைக்கும் ஒரு பய இதைத் தொடக் கூடாது" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினீர்கள். பிறகு என் வீட்டுக்காரி தெசாங்கா வைத்த பீன்ஸ் சூப் இரண்டு தட்டு, பிளம் சாராயம் மூன்று கிளாஸ் என்று தாங்கள் மேஜையை விட்டு எழுந்திருக்கவே ஒரு மணி நேரம் ஆனது. திரும்பி வந்து புது ஷாஃப்டை மாட்டி, அதைக் குறிக்கு நேராகத் திருப்பும்போது இறுகியது. "எங்கயோ முட்டுதுடா, நிறுத்து" என்றீர்கள். முப்பத்துநாலு வருஷம் ரயில்வேயில் சிக்னல் இழுத்தவன் நான், இறுக்கம் எனக்குப் புதிதா? "கல்யாணத்தை வச்சுக்கிட்டு நிறுத்துங்கிறியே, தள்ளு" என்று ஸ்பானரைப் பிடுங்கி அழுத்தினேன். 'டக்' என்றது. இப்போது வண்டி முக்குது, இருமுது, கிளம்ப மாட்டேங்குது. திறந்து பார்த்தால் இரண்டு வால்வு வளைந்திருக்கிறது.

ஆக, கிராங்க் நின்ற இடத்தை விட்டு நகர்ந்திருக்கிறது. தானாக நகராது. அன்று கார் நின்ற கொட்டகைக்குள் போய்வந்தது தாங்கள், நான், பழுப்புக் கோழி. கோழிக்குக் கை கிடையாது. நானோ எதையும் கோணலாக விட்டவன் அல்ல என்பது ஊருக்கே தெரியும். எனவே தாங்கள்தான், சாராயம்தான். ஞாயிற்றுக்கிழமை மிலேனாவின் பக்கத்தில் கல்யாணச் சாட்சியாகத் தாங்கள் நிற்க வேண்டாம். என் மைத்துனனைக் கேட்கப் போகிறேன். இத்தனைக்கும் ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தி நின்றது தாங்கள்தானே.

தங்கள் வீட்டாருக்கும் பன்றிகளுக்கும் ஆண்டவர் குறைவில்லாத சுகம் தரட்டும்.

இப்படிக்கு,
வுகாஷின்,
சிக்னல்காரர் (ஓய்வு)

பி.கு.: உறையை ஒட்டுமுன் தெசாங்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். "யோவ், சாப்பாட்டுக்கு நடுவுல எந்திரிச்சுக் கொட்டகைக்குப் போனது யாரு? கூப்பிட வந்த நான் பாத்தேனே. குனிஞ்சு அந்தச் சக்கரத்தைத் திருப்பிட்டு 'இப்பத்தான் நேரா இருக்கு'ன்னு கையைத் தட்டிக்கிட்டியே!" என்றாள். ஆமாம்டா. குறி பூஜ்யத்தை விட்டுக் கால் சுற்று தள்ளி நின்றது, எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறந்துவிட்டேன் என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். மறக்கவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. "அவர் வராம நான் வாசலைத் தாண்ட மாட்டேன்" என்கிறாள் மிலேனா. உன் டிராக்டரில் போய்க்கொள்வாளாம், ரிப்பன்கூட வெட்டியாயிற்று. வந்து நில்லுடா. டிராக்டரை வாசலில் எவ்வளவு கோணலாக நிறுத்தினாலும் நான் தொட மாட்டேன்.