ராவோனின் கொட்டாவி

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு எப்போது தயாராகத் தொடங்குவது என்பதில் எங்கள் சியோலில் இரண்டு கருத்து கிடையாது. ஏழு வயதில். அதற்கான பயிற்சி நிலையத்தில் இடம் பிடிக்க ஒரு தேர்வு உண்டு. அந்தத் தேர்வுக்கு ஐந்து வயதிலேயே வேறொரு பயிற்சி.

இது பிஞ்சு உள்ளங்களை வதைப்பதாகக் கல்வி அலுவலகம் கண்டறிந்து, ஆழ்ந்த வருத்தத்துடன் ஆணை பிறப்பித்தது: இனி முன்கூட்டித் தயாராகாத குழந்தைக்கே பயிற்சி நிலையத்தில் இடம். சரிபார்க்க நேர்காணலில் ஆய்வாளரே அமர்வார்.

மறுவாரமே, தயாராகாத குழந்தை போலிருக்கக் கற்றுத்தரும் வகுப்புகள் தெருவெங்கும் திறந்தன. திங்கள், புதன் பென்சிலைத் தலைகீழாகப் பிடிப்பது. சனிக்கிழமை மூக்கை உறிஞ்சுவது.

எதிலும் அக்கா மகன் ராவோனுக்கு இடமில்லை. அக்கா அழுதாள்.

"நிஜமாவே ஒண்ணும் தெரியாதவன் இவன்தான்க்கா. ஆணையே இவனுக்காகப் போட்டதுதான்" என்று வாதாடி, நேர்காணலன்று அவளைப் பயிற்சி நிலையத்தின் கீழே நிறுத்திவிட்டு நானே அவனை உள்ளே அழைத்துப்போனேன்.

"தம்பி, ஏழும் எட்டும் எத்தனை?" என்றார் ஆய்வாளர் பியோ.

"தெரியல. இங்க திங்க தொக்பொக்கி கிடைக்குமா?" ராவோன் வாய்கொள்ளாமல் கொட்டாவி விட்டான்.

பியோ பேனாவைக் கீழே வைத்தார். "எந்த இடத்துலம்மா பயிற்சி எடுத்தான்?"

"எங்கயும் இல்ல சார்."

"காலைலேர்ந்து எத்தனையோ கொட்டாவி பாத்துட்டேன். கண்ணுல தண்ணியோட வந்தது இது ஒண்ணுதான். பயிற்சி பெரிய இடத்துலதான்."

"தூக்கம் வருது சார், அவ்ளோதான்."

"பாத்தீங்களா, பதிலும் தயாரா இருக்கு."

"தயாராகலன்னு எப்படித்தான் சார் நிரூபிக்கிறது?"

"சான்றிதழ் இருக்கே. மத்த பிள்ளைங்க கொண்டுவந்தாங்க. வகுப்புலயே குடுக்கறாங்களாம்."

'அளவுகடந்த தயாரிப்பு' என்ற காரணம் காட்டி ராவோன் நிராகரிக்கப்பட்டான்.

எங்களுக்கு முன்பே செய்தி கீழே இறங்கியிருந்தது. அக்காவைச் சுற்றி அம்மாக்கள்.

"ராவோன் அம்மா, அந்தக் கொட்டாவி எந்த வாத்தியார்கிட்ட?"

"ஏன் மறைக்கறீங்க? உங்களுக்குத்தான் இனிமே அது உதவாதே."

"வாத்தியாரெல்லாம் கிடையாதுங்க. வீட்டுல சும்மா விட்டுட்டோம்" என்றேன் எரிச்சலோடு.

"சும்மா விடறது..." ஒருத்தி கைபேசியில் குறித்துக்கொண்டாள். "வாரத்துக்கு எத்தனை நாள்?"

பின்னாலேயே பியோ வந்து நின்றார். அடையாள அட்டை இப்போது சட்டைப்பைக்குள். "என் பேத்திக்கு அஞ்சு வயசாகப்போகுது. ஒரு இடம் இருக்குமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சேத்துக்கலாம்ங்க," என்றாள். "முதல்ல சின்னதா ஒரு நுழைவுத் தேர்வு இருக்கு."