ஒரே ஒரு புள்ளி

வெனிஸ், செவ்வாய்க்கிழமை

என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருந்தும் அதை ஊரில் ஒருவரிடமும் ஒப்புக்கொள்ளாத சனெத்தா அக்காவுக்கு, தம்பி மோமோலோ மரியாதையோடு எழுதுவது. அத்தான் சுகமா, அவருடைய படகு ஓட்டையில்லாமல் மிதக்கிறதா? நீ அனுப்பிய காடியில் ஊறிய மத்தி வந்து சேர்ந்தது. சாப்பிடத்தான் இங்கே யாருக்கும் மனம் இல்லை. உன் செல்லம் ஃபியோரென்சா என்னோடு பேசி ஐந்து நாள் ஆகிறது. பெற்ற மகள் தட்டை வைக்கிற சத்தத்திலேயே அப்பனைத் திட்டுகிறாள். நான் செத்தவனுக்குச் சமம் அக்கா.

என் தொழில் உனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன், எழுத்தைவிட இசைப்புள்ளி எனக்கு நன்றாக வரும். நாடக அரங்கில் முப்பது வருடமாக வாத்தியக்காரர்களுக்குத் தாள் படியெடுக்கிறேன். இசை எழுதியவர் கைதவறி ஒரு புள்ளியை இடம் மாற்றி வைத்திருந்தால், நல்ல படியெடுப்பவன் வாயைத் திறக்காமல் கத்தியால் சுரண்டித் திருத்திவிட்டு அவர் மானத்தைக் காப்பான். இந்த வருடம் வந்த இசைநாடகம் ஒரு கடிகாரக்காரனுடைய கதை. சைத்தான் சிநேகிதனாக வந்து, ஊர்க் கடிகாரத்தில் ஒரே ஒரு நிமிடத்தைத் தள்ளி வை என்கிறான். அந்த ஒரு நிமிடத்தில் ஆரம்பித்து அவன் குடும்பம், மானம், புத்தி எல்லாம் போகிறது. இசை நம் பாட்டன் காலத்தில் பொய்முடி வைத்துக்கொண்டு வாசித்த சங்கீதம் போலவே நடக்கிறது. நடுநடுவே மட்டும் பாலில் எலுமிச்சை பிழிந்த மாதிரி ஒரு சுரம். பாவம், எழுதியவருக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்தேன். அதுவும் அந்தச் சுரங்கள் வருவது ஓபோக் குழலுக்கு. ஓபோ வாசிப்பவன் யார்? வருகிற புனித மார்ட்டின் திருநாளில் ஃபியோரென்சாவைக் கட்டப்போகிற ஆல்விஸே. என் மருமகன் புளிப்பாக வாசித்து ஊர் சிரிக்கலாமா? ஒரு புள்ளியைச் சுரண்டினேன். பிறகு இன்னொன்று. மொத்தம் நாற்பத்து மூன்று.

ஒத்திகை ஆரம்பித்தது. கோல் பிடித்து வாத்தியக்காரர்களை நடத்துகிற மாயெஸ்த்ரோ முதல் நாளே ஆல்விஸேயை நிறுத்தினார். இரண்டாம் நாள் அவன் காதைப் பற்றிப் பேசினார், மூன்றாம் நாள் அவன் அம்மாவைப் பற்றி. எழுதியவர் வேண்டுமென்றேதான் அப்படி எழுதினாராம், அந்தப் புளிப்புதான் சைத்தானாம். எனக்கு எப்படித் தெரியும்? ஆல்விஸே ஒவ்வொரு தடவையும் தன் தவறுதான் என்று தலையைக் குனிந்தான். நேற்று மாயெஸ்த்ரோ பதுவாவிலிருந்து வேறு ஆளை வரவழைக்கச் சொல்லிவிட்டார். வேலை போனால் கல்யாணம் எங்கே? நான் திரைக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டு ஊமையாக இருந்தேன். சொன்னால் என் சோறு போகும், சொல்லாவிட்டால் அவனுடையது.

இன்று காலை போனேன். எல்லா வாத்தியக்காரர்களுக்கும் முன்னால், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, நான்தான் ஐயா சுரண்டினேன் என்றேன். மாயெஸ்த்ரோ தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நாற்பத்து மூன்று இடத்திலும் காகிதம் மெலிந்திருந்தது. ஆல்விஸே குழலைத் துடைத்தபடியே மெதுவாகச் சொன்னான்.

"எனக்கு மொத நாளே தெரியும் மாமா. உங்க கத்தி போற தினுசு எனக்குத் தெரியாதா?"

ஐந்து நாள் எனக்காகத் திட்டு வாங்கியிருக்கிறான் அக்கா. ஃபியோரென்சா ஏன் என்னோடு பேசவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது, அவளிடமும் சொல்லியிருக்கிறான்.

மாயெஸ்த்ரோ தாளை என் கையில் திணித்தார். "நாளைக்குக் காலைல புதுப்படி வேணும். இருக்குறபடியே எழுதணும்யா. ஒரு புள்ளி நகந்தாலும் மாமனும் மருமகனும் சேந்து படகேறிடுங்க" என்றார்.

எனவே இப்போதே படியெடுக்க உட்காருகிறேன். இனி என் கை சாகும்வரை எவர் புள்ளியையும் தொடாது. நம் அம்மா கல்லறை மேல் சத்தியம். நீயும் அத்தானும் நீண்ட காலம் இருந்து என்னைத் திட்டிக்கொண்டே இருங்கள்.

உன் பாவப்பட்ட தம்பி,
மோமோலோ

பி.கு.: புதன்கிழமை. கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. தாளை விடியலிலேயே கொடுத்துவிட்டேன். ஆல்விஸே முத்தம் கொடுத்தான், ஃபியோரென்சா சூடாகப் பொலெந்தாக் களி வைத்தாள். நாளைக்கு அரங்கேற்றம். நாற்பத்திரண்டு இடத்தையும் புளிப்பாகவே எழுதியிருக்கிறேன் அக்கா. கடைசிப் பக்கத்தில் மட்டும், அந்தக் கடிகாரக்காரன் அழுகிற இடத்தில், மனசு கேட்கவில்லை. ஒண்ணே ஒண்ணுதான். நீ யாரிடமும் சொல்லாதே.