ஐந்து துளை மாடும் ஜெயராஜ் அங்கிளும்

எனக்குப் பயம் தராத பொருள் என்று உலகத்தில் எதுவும் இல்லை. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு மூன்று முறை தொட்டுப் பார்ப்பேன். தொட்டதில் திறந்துகொண்டிருக்குமோ என்று நாலாவது முறையும் பார்ப்பேன். இப்படிப்பட்டவன் போயும் போயும் சூளையை நம்பிப் பிழைக்கிறேன். (ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்குப் பயந்து ஓடியவன், கால் கொண்டுபோய் விட்ட இடத்தில் நின்றுவிட்டேன்.)

தினமும் எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் ரயிலேறி பெங்களூரு போய், ஒரு பீங்கான் பட்டறையில் களிமண் பிசைந்தேன். மிஞ்சிய மண்ணில் நாய், ஆடு என்று பிடித்துப் பழகி, கடைசியில் அதுவே என் வேலையாகிவிட்டது. சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது; அதன் பின்னால் சின்னதாக ஒரு மின்சூளையும் வைத்துக்கொண்டேன்.

மண் மிருகத்துக்கு உடம்பு உள்ளே கூடாக இருக்க வேண்டும். ஈரம் கொஞ்சம் தங்கிவிட்டாலும் சூளையில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வெடித்துவிடும். அதனால் வயிற்றுக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாமல், ஒரு துளை போடுவோம். காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளக் கன்னத்தை வைத்துப் பார்ப்போம். ஜில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை.

ஒரு துளை. ஒன்றே ஒன்று. அது போதும்.

அதே ரயிலில் வருகிறவள் எஸ்தர். கல்யாணம் செய்துகொள்வதென்று நாங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டோம். அவளுடைய அப்பா ஜெயராஜ் அங்கிள் முடிவு செய்யவில்லை. சுரங்கத்தில் ஆட்களை ஆழத்துக்கு இறக்கும் கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது எங்கள் சர்ச்சுக்குச் செயலாளர்.

"மண்ணுல கழுதை பண்றவனுக்கா பொண்ணு குடுக்கறது? மாப்பிள்ளை இன்னா வேலைன்னு கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

எஸ்தர் விடவில்லை. "இந்த வருசம் கிறிஸ்மஸ் குடிலுக்கு மாடு, கழுதை, ஆடு எல்லாம் அவரே செய்யட்டும்பா. சபை பாக்கட்டும். அப்பால சொல்லு."

"சரி, பாக்கறேன்" என்றார் அங்கிள். ஆக, என் கல்யாணம் ஒரு மாட்டின் கையில். (காலில் என்று சொல்ல வேண்டுமோ.)

இரண்டடி உயரத்தில் மாடு. போன மாதம்தான் ஒரு யானை சூளைக்குள் வெடித்துத் துண்டு துண்டாகியிருந்தது. வயிற்றில் துளை போட்டேன். அது அடைத்துக்கொண்டால்? மூக்கில் இரண்டு போட்டேன். அவையும் அடைத்துக்கொண்டால்? வாயில் ஒன்று. எதற்கும் இருக்கட்டும் என்று வாலுக்கு அடியில் இன்னொன்று. கழுதைக்கு நாலு, ஆடுகளுக்கு மும்மூன்று. என் கையில் துளை போடும் குச்சி இருந்தவரை அந்தத் தொழுவத்தில் எதற்கும் பாதுகாப்பில்லை.

அங்கிள் மேற்பார்வைக்கு வந்த நேரம், நான் கண்ணை மூடிக்கொண்டு கழுதையின் விலாவில் கன்னத்தை வைத்திருந்தேன்.

"இன்னாபா, கழுதையாண்ட இன்னா கேட்டுகினு கீற?"

"காஞ்சிடுச்சான்னு பாக்கறேன் அங்கிள்."

"இன்னா சொல்லுது?"

"இன்னும் ரெண்டு நாள் ஆவும்..."

நேராக வீட்டுக்குப் போய் எஸ்தரிடம் சொன்னாராம்: "உனக்குப் போட்டி இருக்குது. நாலு காலு."

சூளையில் எதுவும் வெடிக்கவில்லை. பழுப்பு மெருகில் மாடு கண்ணாடி போல மின்னியது. கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு, சர்ச்சுக்குள், வாசலை ஒட்டிக் குடில் வைத்தார்கள். வருகிறவர்களைப் பார்க்கட்டும் என்று மாட்டை வாசல் பக்கம் திருப்பி வைத்தவர் அங்கிள்தான். "யாருங்க செஞ்சது?" என்று யாரோ கேட்டதற்கு, தொண்டையைச் செருமிக்கொண்டு "நம்ம பையன்தான்" என்றார். அந்த ‘நம்ம’வில் நான் பாதி மாப்பிள்ளையாகிவிட்டேன்.

பாஸ்டர் ஜெபிக்கத் தொடங்கினார். சபை முழுதும் கண்மூடி நின்றது. தாமதமாக வந்த யாரோ கதவைத் திறந்தார்கள். சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கமிருந்து காற்று ஒரே வீச்சாக உள்ளே வந்தது.

‘ஊஊஊ...’

மாடுதான். காலி பாட்டில் வாயில் ஊதினால் வருமே, அந்தச் சத்தம், பத்து மடங்கு. கழுதை கொஞ்சம் உயர்ந்த சுருதியில் சேர்ந்துகொண்டது. ஆடுகள் பின்பாட்டு. எல்லாம் கலந்து அச்சு அசலாக, அந்தக் காலத்தில் ஷிஃப்டுக்கு ஊதிய மைன்ஸ் சங்கு!

மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்த ஒரு பென்ஷன்காரர் சடாரென எழுந்தார். "சங்கு ஊதிட்டான்! டிபன் பாக்ஸ் எங்கடி?"

"உக்காருயா," என்றார் பக்கத்திலிருந்த மனைவி. "மைன்ஸ் மூடி இருவது வருசத்துக்கு மேல ஆவுது."

சர்ச் கொல்லென்று சிரித்தது. நான் ஓடிப்போய் மாட்டின் மூக்குத் துளைகளில் இரண்டு விரல்களை விட்டு, உள்ளங்கையால் வாயைப் பொத்தினேன். பின்பக்கம் ஊதியது. இன்னொரு கையை வாலுக்கு அடியில் கொடுத்தேன். மாடு அடங்கியது. ஒரு கை மாட்டின் முகத்தில், மறு கை சொல்லக் கூடாத இடத்தில், சபையே கண்திறந்து பார்க்க, அப்படியே நின்றேன். கையை எடுக்கவும் பயம். எஸ்தர் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். அவள் தோள்கள் குலுங்கின. (அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.)

அங்கிள் தன் இடத்தைவிட்டு வந்தார். முதலில் கதவைச் சாத்தினார். கழுதை வாயை மூடியது. பிறகு குனிந்து மாட்டைச் சுற்றிலும் பார்த்தார்.

"எத்தினி ஓட்டை போட்ட?"

"அஞ்சு, அங்கிள்."

"எத்தினி வேணும்?"

"ஒண்ணு."

கல்யாணம் போச்சு, இனி வேறு ரயில்தான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

"கேஜ் இறக்கச்சொல்ல ஒரு வாட்டி ரோப்பைப் பாத்தா போதும்னுவாங்க," என்றார் மெதுவாக. "நான் அஞ்சு வாட்டி பாப்பேன். ஷிஃப்ட் மொத்தமும் என்னைக் கிண்டல் பண்ணும்." பிறகு, "கையை எடுபா. மாடு பாவம்" என்றார்.

இடத்துக்குத் திரும்பியவர் எஸ்தரிடம், "இவன் உன்னைக் கீழ விழ விட மாட்டான்" என்றாராம்.

அந்த மாடு இன்றைக்கும் குடிலில் நிற்கிறது. துளைகளை நான் அடைத்துத் தருகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டும் மாமனார் விடவில்லை. வருடா வருடம் ஜெபம் தொடங்கும் நேரம் பார்த்து அவரே எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறார்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பும்போது, தெருவில் பாதி தூரத்தில் எஸ்தர் நின்று கேட்பாள்: "அஞ்சாவது ஓட்டையைப் பாத்தீங்களா?"

கிண்டல்தான், தெரியும். ஆனாலும் திரும்பிப் போய் ஒருமுறை பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ரயிலேறுகிறேன். போன வாரம் அதில் ரயிலே போய்விட்டது.